மாலை போட்ட என் அப்பாவின் படம்

இது யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், நாளை நான் மேடை ஏறும்வரை யாரிடமும் காட்டாதீர்கள். அம்மா பார்த்தால் கிழித்துவிடுவார். தயாளன் சாரைப் பகைத்தால் அவர் தொழிற்சாலையில் அண்ணனுக்கு இருக்கும் வேலையும் போய்விடும் என்று பயப்படுகிறார். எனக்கும் பயம்தான். பள்ளியில் தந்த பேச்சுக்குப் பதிலாக இதைத்தான் பேசப்போகிறேன்.

தொழிலாளர் தின விழாவுக்குத் தலைமை தாங்கும் தொழிற்சாலை மேலாளர் தயாளன் அவர்களே! நம் ஜெலுத்தோங் வட்டாரத்தின் உழைப்பாளிப் பெரியோர்களே! விடியுமுன் எழுந்து பஸ் பிடிக்கும் தாய்மார்களே! வணக்கம்.

ஒன்று கேட்கிறேன். மாலை போட்ட படத்தை நம் வீடுகளில் யாருக்கு மாட்டுவோம்?

என் அப்பா கார்த்திகேசுவுக்கு ஐம்பத்தேழு வயது. "போதும்ணே, வீட்டுல ரெஸ்ட் எடுங்கலா" என்று மாலை போட்டு அனுப்பினீர்கள், தலைவர் அவர்களே. மாலையோடு படம் எடுத்தீர்கள். மரியாதை என்று நினைத்து, தொழிற்சாலை முனீஸ்வரர் மாடத்தின் அருகே மாட்டினீர்கள். அந்தப் படத்துக்கும் பூ வைத்தீர்கள். வெள்ளிக்கிழமை பூஜையில் அதற்கும் ஊதுபத்தி காட்டினீர்கள்.

மறுபடி வேலை கேட்க வந்த அப்பா அதைப் பார்த்தார். பார்த்தவர் வேலை கேட்காமலே திரும்பினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஊதுபத்தி வாசம். நாங்கள் யாரும் ஏற்றுவதில்லை.

"சாப்பிட வாங்க" என்று அம்மா கூப்பிட்டால், "படையலா?" என்கிறார். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. "அவன் போயிட்டான்மா" என்கிறார்.

யாராவது சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். முதலில் நாங்களும் சிரித்தோம்.

அறுபது வயதுக்கு முன் ஓய்வு என்று சொல்லி ஒருவரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. இது கருணையா? இல்லை, சட்டம்! சலுகையா? இல்லை, சட்டம்! ஆனால் அனுப்பப்பட்டவரே தொழிலாளர் அலுவலகம் போய் முறையிட வேண்டும். இந்த வாரத்தோடு கெடு முடிகிறது. இறந்துவிட்டதாக நம்புகிறவர் எந்த அலுவலகப் படி ஏறுவார்?

ஐயா, அந்தப் படத்தைக் கழற்றுங்கள்! சபையோரே, நீங்கள் எனக்குக் கைதட்ட வேண்டாம். அப்பா பின்வரிசையில் அமர்ந்திருப்பார். உயிரோடு இருக்கும் மனிதரைக் கூப்பிடுவதுபோல, எல்லோரும் ஒரே குரலில் கூப்பிடுங்கள். கார்த்திகேசு அண்ணே! கார்த்திகேசு அண்ணே!

கூப்பிடப்போகும் உங்கள் குரலுக்கு இப்போதே நன்றி சொல்லி

எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கதவு தட்டும் சத்தம். தட்டுவது அம்மா இல்லை.

"ரூபினி... என்னை யாரும்மா கூப்பிட்டா?"

அப்பா