வலது முன்னங்கால்

காளை: பிரிக்காத, பிரிக்காத... அந்த அம்மா இங்கயே பாக்குது.

அழகம்மாள்: வார்டன்தான். பாக்கட்டும். உள்ள என்ன மச்சான், தாமரை இலையில சுத்தி...

காளை: எலும்பு.

அழகம்மாள்: பேசி முடிச்ச பொண்ணை ஆஸ்டல்ல பாக்க வாரவுக பூ வாங்கிட்டு வருவாக.

காளை: உனக்கு இதுதான பிடிக்கும்? கட்டிலுக்கு அடியில பெட்டி நெறைய வச்சிருக்கியாமே.

அழகம்மாள்: அது டாக்டர் படிப்புக்கு வச்சிருக்க மனுச எலும்பு. இது ஆடு.

காளை: ஆடுதான். நம்ம சாமிக்கு வெட்டுன கிடா. பங்கு பிரிச்சதுல எங்க அப்பாவுக்கு வந்த முன்னங்கால்.

அழகம்மாள்: மாமாவோட பங்கா? அதை எதுக்குத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுனீக?

காளை: ஊரே ரெண்டாக் கெடக்கு. உனக்குத் தெரியாதா?

அழகம்மாள்: எனக்கு யாரு சொன்னா?

காளை: நம்ம வகையறாவுல தாய்மாமனுக்கு வலது முன்னங்கால். இடது, கிடா வெட்டுனவனுக்குக் கூலி. சரிதான?

அழகம்மாள்: சரிதான்.

காளை: எங்க அப்பாவுக்கு இடது வந்துருச்சாம். கூடப்பிறந்தவளைக் கட்டிக்குடுத்த இடத்துல என்னையக் கூலிக்காரனாக்கிட்டாகன்னு குதிக்கிறாரு.

அழகம்மாள்: பங்கு பிரிச்சது யாரு?

காளை: உங்க அண்ணன், நல்லகாமன். வலதுதான் குடுத்தேன்னு சூடம் அடிச்சுச் சத்தியம் பண்றான்.

அழகம்மாள்: இலையைப் பிரிச்சுப் பாத்தா எலும்பு வேகவே இல்லையே மச்சான்.

காளை: ஆத்தா கறியை அறுத்து எடுத்துட்டு எலும்பைத் தூக்கிப் போட்டுருச்சு... இப்ப அதுவா முக்கியம்? இடதுன்னா சம்பந்தமே வேணாங்குறாரு அப்பா. தை மாசக் கல்யாணம் நின்னுரும்.

அழகம்மாள்: வலதுன்னா?

காளை: உங்க வீட்டு வாசல்ல வந்து மன்னிப்புக் கேக்குறேன்னுட்டாரு. கல்யாணம் நடக்கும். நீ மார்கழியோட படிப்பை விட்டுட்டு வரணும். அது முன்னயே பேசுனதுதான்.

அழகம்மாள்: ம்...

காளை: எலும்பு படிக்கிற பிள்ளை, அழகம்மா சொன்னாச் சொன்னதுதான்னு ரெண்டு வீட்டுலயும் ஒத்துக்கிட்டாக.

அழகம்மாள்: பி.யூ.சி. முடிச்சதே போதும்னாக. இப்ப பஞ்சாயத்துக்கு மட்டும் டாக்டரு வேணுமாக்கும்?

காளை: ஆமா, பெரிய டாக்டரு! எதை வச்சுக் கண்டுபிடிப்ப? அதைச் சொல்லு மொதல்ல.

அழகம்மாள்: இது தோள்பட்டை எலும்பு, உங்க முதுகுலயே இருக்கு. கையைத் தோளுக்கு மேல விட்டுத் தடவுங்க... இன்னும் கீழ... குறுக்க ஒரு மேடு தட்டுப்படுதா?

காளை: நீ தொட்டுக் காட்டுனா...

அழகம்மாள்: வார்டன் பாக்குது.

காளை: இப்ப மட்டும் பாக்குதா! ம்... தட்டுப்படுது. கட்டையாட்டம் இருக்கு.

அழகம்மாள்: அது தனி எலும்பு இல்ல. தோள்பட்டை எலும்பு பலகை மாதிரி, அதுமேல எந்திரிச்சு நிக்கிற மேடு அது. வயல்ல வரப்பு போட்ட மாதிரின்னு வச்சுக்கங்க. வரப்புக்கு மேல சின்ன வயல், கீழ பெரிய வயல். ரெண்டுலயும் சதை. கையைத் தூக்குறது, திருப்புறது எல்லாம் அதோட வேலை. வரப்போட நுனிதான் தோள் உச்சி.

காளை: ஆட்டுக்கு?

அழகம்மாள்: அதே வரப்புதான். ஆடு நாலு கால்ல நிக்குதுல்ல, அதனால சின்ன வயல் தலைப்பக்கம், பெரிய வயல் வால்பக்கம். கால் எலும்பு வந்து மாட்டுற குழி கீழ. வரப்பு தோலுப்பக்கமா வெளியில பாக்கும்.

காளை: சரி... இதைப் பாத்துச் சொல்லு.

அழகம்மாள்: திருப்பிப் பாக்குறேன், இருங்க.

காளை: எம்புட்டு நேரம் பாப்ப?

அழகம்மாள்: இடது.

காளை: இடதா?

அழகம்மாள்: இடதுதான். போயிச் சொல்லிருங்க.

காளை: நல்லகாமன் எல்லார் முன்னாலயும் தலைகுனிஞ்சு நிக்கணுமே.

அழகம்மாள்: அண்ணன் குனிஞ்சா நாலு நாள்ல நிமிந்துருவான்.

காளை: கொண்டா இங்க. குழி கீழ... வரப்பு என்னையப் பாக்குது... சின்ன வயல் தலைப்பக்கம்னு சொன்ன... தலை என் வலது கைப்பக்கம் வருது. ஆட்டோட தலை எனக்கு வலதுல இருந்தா, அது எந்தப் பக்கத்தைக் காட்டிக்கிட்டு நிக்குது?

அழகம்மாள்: மச்சான்...

காளை: ஆடு மேய்ச்சவன் நான். வலதுபக்கத்தைக் காட்டிக்கிட்டு நிக்குது. இது வலது.

அழகம்மாள்: எலும்பைக் குடுங்க.

காளை: வலதா, இல்லையா?

அழகம்மாள்: வலதுதான். பொய்தான் சொன்னேன். எனக்குப் படிக்கணும் மச்சான். உங்களைப் பிடிக்காம இல்ல... ஆனா மார்கழியில பெட்டியைக் கட்டச் சொன்னா என்னால முடியாது. அண்ணன் மேல பழி வந்தாலும் பரவாயில்லன்னு நெனச்சேன். போயி உள்ளதைச் சொல்லிருங்க.

காளை: உள்ளது எது?

அழகம்மாள்: மாமாவுக்குப் போனது வலதுன்னு. அண்ணன் தப்புப் பண்ணலன்னு... என்ன சிரிப்பு?

காளை: அன்னைக்குப் படிப்பை விடணும்னு எங்க அப்பா சொன்னப்ப உன் மூஞ்சியப் பாத்தேன் அழகு, அதுக்கப்புறம் எனக்குச் சோறு எறங்கல... நல்லகாமன் எந்தக் காலைக் குடுத்தான்னு சாமிக்குத்தான் தெரியும், கல்யாணம் நின்னாலும் நீ படிக்கட்டும்னு, வந்தது இடதுன்னு அப்பா காதுல ஓதுனதே நான்தான். அந்த எலும்பைக் கம்மாயில வீசிட்டு, இன்னைக்குச் சிம்மக்கல்லுல பஸ்ஸை விட்டு எறங்கி கறிக்கடைக்காரன்ட்ட இடதாப் பாத்துக் குடுன்னு கேட்டுத்தான் இதை வாங்குனேன்... அந்தப் பாவி வலதைக் குடுத்துட்டான்.