ஆர்டர் முடிந்தது என்றது கைபேசி

அனல் அடுப்பையும் ஆர்ப்பரிக்கும் அவையையும் ஒருசேர அடக்கத் தெரிந்த தலைவர் அவர்களே! முன்வரிசைக்கு முகப்பொலிவு தரும் மூத்தோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் ஆயிரம் கவலையுமாக வந்தமர்ந்த தாய்மார்களே! தலைக்கவசத்தைக் கழற்றவும் நேரமின்றி ஓரமாக நிற்கும் என் சாலைத் தோழர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். நடுங்கும் நெஞ்சோடுதான் வணங்குகிறேன்.

உணவு விநியோகத்தில் வேகமும் தகவல் பகிர்வும் என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். வேகத்தை வாழ்த்திப் பாட வந்தேன் என்று நினைத்தீர்களா? என்ன ஐயா? "சுருக்கமா முடிங்க, பசிக்குது" என்கிறீர்களா? சுருக்கியதால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், பசி மிச்சமிருக்கிறதா என்று!

உணவு கொண்டுசேர்க்கும் எங்கள் சங்கத்தில் வண்டியோட்டும் பெண்ணொருத்தி. அவள் வேகத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் சிட்டு. ஒரு நண்பகலில் சோறும் கோழிக் குழம்பும் எடுத்துக்கொண்டு ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த தாய் பொட்டலத்தை வாங்கியபடியே கேட்டார்: "பையனுக்கு வேர்க்கடலை ஒத்துக்காதும்மா, மூச்சு அடைச்சுக்கும். சேர்க்க வேணாம்னு எழுதியிருந்தேன். பாத்திருப்பாங்கல்ல?"

"எழுதியிருந்தா பாத்திருப்பாங்கக்கா" என்றாள் சிட்டு. கதவு மூடியது. 'ஆர்டர் முடிந்தது' என்றது கைபேசி.

அடுத்த ஆர்டரும் அதே உணவகத்தில்தான். உள்ளே நுழைகிறாள், சமையல்காரர் மேலாளரிடம் சத்தம் போடுகிறார்: "முந்திரி தீந்துபோச்சுன்னு எத்தனை தடவை சொல்றது? காலையிலேருந்து கடலையைத்தான் அரைச்சு ஊத்திக்கிட்டிருக்கேன்!"

சிட்டு இடைமறித்தாள். "அண்ணே, கோழிக் குழம்புலயுமா?"

"அதுலயுந்தாம்மா. ஏன்?"

"கடலை வேணாம்னு அந்தக்கா எழுதியிருந்தாங்களாமே!"

"ஆர்டர் சீட்டுல ஒண்ணுமே வரலியேம்மா!" என்றவர், எரிந்துகொண்டிருந்த அடுப்பை அப்படியே அணைத்துவிட்டார்.

ஏன் வரவில்லை? குறிப்பைப் படிக்க நின்றால் நேரம் போகிறதாம்! வேகம் குறைகிறதாம்! ஆகவே சீட்டில் குறிப்பே அச்சாகாதபடி மேலாளர் நிறுத்திவைத்திருந்தார். தாய் எழுதினாள்; இயந்திரம் விழுங்கியது! தாய் நம்பினாள், பிள்ளையின் தட்டில் சோறு விழுந்தது!

சிட்டு அந்தத் தாயைக் கைபேசியில் அழைக்கப் பார்த்தாள். ஆர்டர் முடிந்ததும் வாடிக்கையாளரின் எண்ணை நிறுவனம் மூடிவிடும். உணவகத்திடமும் எண் இல்லை. நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைத் திறந்தாள். தாமதமா? கட்டணமா? பொட்டலம் சிந்தியதா? ஏதாவது ஒன்றைத் தொடு என்றது. சபையோரே, ஒரு பிள்ளையின் மூச்சு நிற்கப் போகிறது என்று சொல்ல எதைத் தொடுவது? எதைத்தான் தொடுவது?

வண்டியை முறுக்கினாள். அடுக்குமாடி வாசலில் காவலாளி மறித்தார்.

"டெலிவரிதான் முடிஞ்சுபோச்சே! மறுபடி உள்ள விட்டா என் வேலை போயிடும்மா."

"என்னை விட வேணாம்ணே. மேல நாலாவது மாடிக்கு இன்டர்காம் போன்ல சொல்லுங்க!"

"அது ரிப்பேரும்மா."

அவ்வளவுதான். அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்: "நாலாவது மாடி அக்கா! பிள்ளைக்குச் சோறு குடுக்காதீங்க! கடலை இருக்கு!"

முதல் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. தலையை உயர்த்தி அதையே கத்தினார். இரண்டாம் மாடிப் பெண்மணி வாங்கிக் கத்தினார். மூன்றாம் மாடி மாணவி படியேறி ஓடிக் கதவைத் தட்டினாள்.

அங்கே பிள்ளை இரண்டு வாய் உண்டிருந்தான். உதடு தடித்துவிட்டது. காரம் என்றெண்ணித் தாய் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். 'கடலை' என்ற சொல் காதில் விழுந்ததும் அள்ளியெடுத்து ஓடிவந்தார். வேலை போய்விடும் என்ற அதே காவலாளிதான் நடுத்தெருவில் நின்று ஒரு காரை மறித்தார்!

"என்ன சாப்பிட்டான்?" என்றார் மருத்துவர். "கடலை" என்றார் தாய். தேடவில்லை, தயங்கவில்லை, உடனே ஊசி போட்டார்கள். பிள்ளை பிழைத்தான். கைதட்டுகிறீர்கள், தட்டுங்கள். ஆனால், சிட்டுவுக்கு நிறுவனம் அனுப்பியது என்ன தெரியுமா? அடுத்த ஆர்டரைத் தவறவிட்டதற்கு எச்சரிக்கை!

இப்போதும் அழைப்பு மணியை அழுத்த அவள் அஞ்சுகிறாள். எனக்கும் அச்சம்தான், அவையோரே! வேகத்தைக் கண்டு அஞ்சவில்லை. வாய் கட்டப்பட்ட வேகத்தைக் கண்டு அஞ்சுகிறேன்! அடுப்புக்குத் தெரிந்தது வண்டிக்குத் தெரியாமல், வண்டிக்குத் தெரிந்தது வீட்டுக்குத் தெரியாமல் ஓடும் ஒவ்வொரு பொட்டலத்தையும் கண்டு அஞ்சுகிறேன்! உணவக முதலாளிகளே, தாய் எழுதும் குறிப்பைச் சீட்டில் அச்சிடுங்கள். நிறுவனத்தாரே, பிள்ளை உண்டு முடிக்கும்வரையாவது அந்த எண்ணை மூடாதீர்கள். ஒரு மாடிக்கு இன்னொரு மாடி சொன்னதால் ஓர் உயிர் மிஞ்சியது. உங்கள் இயந்திரங்களால் அதுகூட முடியாதா?

போன வாரம் அந்த வீட்டுக்குச் சென்றிருந்தேன். தாய் ஊட்டுகிறார், பிள்ளை வாய் திறக்கவில்லை. "அம்மா, இதுல அது இருக்கா?" என்கிறான். ஒவ்வொரு வாய்க்கும் கேட்கிறான். வெறும் தண்ணீரைக் கொடுத்தாலும் கேட்கிறான்.

அவனுக்குப் பதில் சொல்லும் கடமையை இந்த அவையிடம் ஒப்படைக்கிறேன். பொறுமையாய்ச் செவிகொடுத்த உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்.