பச்சைக் கோடு

கேரட் தின்றால் கண் நன்றாகத் தெரியும் என்று என் மனைவி உறுதியாக நம்பினாள், ஐயா. என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் அதுதான் முதலில் எட்டிப் பார்க்கும். விமான என்ஜின் பாகங்களில் விரிசல் தேடுவது என் வேலை. ஊரே தன் வீட்டுக்காரர் கண்ணை நம்பித்தான் பறக்கிறது என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொள்வாள்.

பாகத்தின்மேல் சாயம் பூசி, கழுவி, மாவு தூவி, இருட்டறையில் ஊதா விளக்கடியில் வைப்போம். விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்திருக்கும் சாயம் கசிந்து பச்சையாக ஒளிரும். உடனே பாகத்தைக் கழித்துக்கட்ட வேண்டும் என்பது சட்டம். வருடக்கணக்கில் எனக்கு வாய்த்ததெல்லாம் வெறும் இருட்டுதான். எல்லாம் ஒழுங்கான பாகங்கள். சலித்துப் போயிருந்தேன்.

அப்போதுதான் அந்த டிஸ்க் வந்தது. விசிறித் தகடுகளைச் சுமந்துகொண்டு சுழலும் கனத்த தட்டு. அதன் துளையோரத்தில், இமை முடி அளவுக்கு ஒரு பச்சைக் கோடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழித்தால் நசுக்கிப் போட்டுவிடுவார்கள். அந்தக் கோட்டை, பிறந்த அன்றைக்கேவா? மனம் வரவில்லை. துடைத்துவிட்டு, குறையில்லை என்று முத்திரை குத்தினேன்.

அடுத்த பரிசோதனைக்கு அது திரும்பி வரும்வரை என் கால் தரையில் பாவவில்லை. குளிக்கும்போது பாட்டு, படியேறும்போது சீட்டி.

"என்னங்க, இந்த வயசுல யாரு அந்த மகராசி?" என்று மனைவி சீண்டினாள்.

"சின்னப் பொண்ணுதான், இப்பதான் வளர்ந்துட்டு வர்றா."

தோளில் ஒன்று வைத்தாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

திரும்பி வந்தபோது கோடு விரல்நகம் அளவுக்கு நீண்டிருந்தது. நுனியில் கிளைகூட விட்டிருந்தது. இருட்டறையில் தனியாக நின்று கைதட்டினேன். மறுபடியும் துடைத்தேன், மறுபடியும் முத்திரை.

பிறகு மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்குக் கிளம்பினாள். விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனபோது, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்ற விமானத்தின் வாலிலிருந்த எண்ணைப் பார்த்தேன். பதிவேட்டில் பார்த்து வைத்திருந்த எண், என் டிஸ்க் ஓடும் விமானம். ஒரு வார்த்தை சொல்லி அவளைத் தடுத்திருக்கலாம். ஏன் என்று கேட்பாள், விஷயம் வெளியே வந்தால் டிஸ்க்கைக் கழற்றிவிடுவார்கள்.

"பயமா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க பாத்து அனுப்புற என்ஜின், எனக்கென்ன பயம்? ஃப்ரிட்ஜ்ல கேரட் நறுக்கி வச்சிருக்கேன், மறக்காம சாப்பிடுங்க."

கையாட்டினேன். நெஞ்சு குதூகலத்தில் அடித்துக்கொண்டது. அன்று அதில் ஏறியவர்கள் யாரும் இறங்கவில்லை.

தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். மனைவிமேல் பாசமில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கேரட்டை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன்.

உடைந்த டிஸ்க்கை வயலிலிருந்து எடுத்து வந்திருக்கிறீர்களாமே. அந்தக் கோடு எவ்வளவு தூரம் வளர்ந்திருந்தது என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. விளக்கடியில் வைத்து ஒரே ஒரு தடவை காட்டுங்கள், ஐயா. எனக்குக் கண் இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது.