யார் வேண்டுமானாலும் இழுக்கலாம்

உங்கள் அலுவலக நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. முதுகை வாட்டாத நாற்காலி அமைவது இந்தக் காலத்தில் குதிரைக்கொம்பு. நிதானமாகவே சொல்கிறேன், வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மேலாளராக இருக்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையைப் போன வருஷம் கடல் கடந்த ஒரு கம்பெனி வாங்கியது. அவர்களுக்கு மேல், கீழ் என்ற பேச்சே ஆகாது. என்னைக் கடைநிலை ஊழியரும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றார்கள். என் அறைச் சுவரை இடித்துவிட்டுக் கண்ணாடி வைத்தார்கள். இயந்திரங்களுக்கு மேலே நெடுக ஒரு சிவப்புக் கயிறு கட்டினார்கள். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம், எல்லா இயந்திரமும் நின்றுவிடும்.

முதல் வாரத்தில் பதினொரு முறை இழுத்தார்கள். எல்லாவற்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தெந்தத் தொழிற்சாலை எத்தனை முறை நின்றது என்று தலைமையகம் மாதாமாதம் ஒரு பட்டியல் போடும். அதில் நாங்கள் கடைசி. கயிற்றில் நான் கைவைக்கவில்லை, ஐயா. இழுத்தவர் மறுநாள் காலை முந்நூறு பேர் முன்னால் நின்று காரணம் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கத்தை மட்டும் கொண்டுவந்தேன். பெட்டி ஒட்டுகிற அம்மா ஒருவர் அப்படி நின்று, வாய் குழறி, அழுதேவிட்டார். அதோடு இழுப்பது நின்றது. ஏதாவது என்றால் சூப்பர்வைசரிடம் சொல்வார்கள், அவர் வந்து என்னிடம் கேட்பார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் தானாகவே ஓய்ந்தது. கயிற்றில் தூசி படியாமல் வாராவாரம் துடைக்க ஏற்பாடு செய்தேன்.

சம்பவத்தன்று தலைமையகத்துப் பெரியவர்கள் காணொளித் திரையில் இருந்தார்கள். இருநூறு நாளாக எங்கள் இயந்திரங்கள் ஒருமுறைகூட நிற்கவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பாராட்டினார்கள். அப்போது அந்த அம்மா சூப்பர்வைசரிடம் ஓடுவது கண்ணாடி வழியே தெரிந்தது. எங்களிடமே வேலை பார்த்த அவர் கணவரின் கை, அட்டையை அழுத்துகிற உருளையில் மாட்டியிருந்தது.

சூப்பர்வைசர் வந்து என் அறைக்கு வெளியே நின்றார். கதவைத் தட்டவில்லை, மரியாதை தெரிந்தவர். என்னைப் பார்த்தார். நான் உள்ளங்கையைக் காட்டினேன், பொறு என்று. என் விளக்கத்தில் இன்னும் நான்கு பக்கங்கள்தான் பாக்கி. ஆறு நிமிஷம் ஆகியிருக்கும். நான் வெளியே வந்தபோது அவருக்காக இயந்திரத்தை நிறுத்த அவசியம் இருக்கவில்லை.

"கயிறு தலைக்கு மேலதானே இருந்தது, ஏம்மா இழுக்கல?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லாம நான் எப்படி சார் இழுக்கறது? போன தடவை இழுத்ததுக்கே..." என்றார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

இழுக்காதது தன் தவறு என்று அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் உங்கள் கோப்பில் இருக்கும். அதை எழுதியது நான். அவருக்கு எழுத வராது, உதவினேன்.

சூப்பர்வைசரின் சட்டையில் இருந்தது ரத்தம் என்று தெரிந்ததா என்கிறீர்கள். தெரிந்தது. தெரிந்துதான் கையைக் காட்டினேன். என் பக்கத்தில் குறை இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன், ஐயா. அந்தக் கண்ணாடிக்கு ஒரு திரை போட்டிருக்க வேண்டும்.