முப்பத்தேழாவது வளைவுல எலுமிச்சம்பழம்

சாயங்காலம் ஆறே முக்கா. கொல்லிமலை எறக்கம்... எழுபது கொண்டை ஊசி வளைவு. முன்னால ஒரு வண்டியில்ல, பின்னாலயும் இல்ல.

ஏய் மோனிஷா, கைய எடு புள்ள. இன்னும் கதைய ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள கிள்றா!

நம்ம அகல்யாவோட பெரியம்மா பொண்ணு மஞ்சுளா. திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் வண்டி வெச்சிருக்கிற இளஞ்செழியனுக்கு ரெண்டாந்தாரமா வாக்கப்பட்டு மூணு மாசந்தான் ஆச்சு. மொத பொண்டாட்டி பெரியநாயகி காய்ச்சல்ல போயிருச்சுன்னு சொல்லித்தான் கட்டுனான். புதுக் கார் எடுத்தவன், "மலை பாத்துட்டு வரலாம் சாமி, நானும் பாத்ததே இல்ல"ன்னு கூட்டிட்டு வந்தான். இவளுக்கு அப்பிடியொரு பூரிப்பு.

வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சு எறங்கறான். அப்ப... டிங்... டிங்... டிங். பின்சீட்டுல பெல்ட்டு மாட்டலீன்னு வண்டி கத்துது. திரும்பிப் பாத்தா, வெறும் சீட்டு. ஆனா வாசம் வருது... நசுங்குன எலுமிச்சம்பழ வாசம்.

"என்னங்க இது?"

"சென்சார் கோளாறு."

ஏசி ஓடுது. அவன் மூஞ்சி வேர்த்துக் கொட்டுது. கண்ணாடிய எறக்கி உட்டான்.

முப்பத்தேழாவது வளைவு. ஓரங்கட்டி நிறுத்தி ஒரு எலுமிச்சம்பழத்த நீட்டுனான்.

"வண்டிக்குத் திருஷ்டிப் பழம் வெக்க மறந்துட்டமல்லோ. பின்சக்கரத்துக்குப் பின்னால ஒண்ணு வெச்சுட்டு வா."

"பின்னாலயா? எல்லாரும் முன்னாலதானுங்க வெப்பாங்க?"

"மலையில இப்பிடித்தான் வெப்பாங்க."

மலையே பாக்காதவனுக்கு மலை வழக்கம் எப்பிடித் தெரிஞ்சுது? அவ கேக்கல. நம்புனா, பாவி மக.

குனிஞ்சு பழத்த வெச்சா. அவளுக்குப் பின்னால முழங்கால் உசரத்துக்குச் சுவரு. அதுக்கப்புறம் பள்ளம். நிமிர்றா... மூஞ்சியில வெள்ளையா வெளிச்சம். ரிவர்ஸ் லைட்டு!

பொளக்... பழம் நசுங்குச்சு. பம்பரு அவ முழங்கால இடிச்சுச் சுவரோட அழுத்துது. "என்னங்க, நாந்தானுங்க! நா இருக்கறனுங்க!"

வண்டி நிக்கல. இன்னும் வருது.

கர்ர்ரக்... உள்ள ஹேண்ட்பிரேக்க ஆரோ இழுத்த சத்தம். வண்டி குலுங்கி நின்னுச்சு. "நானில்ல... நானில்ல..."ன்னு அவன் உளர்றான். டிங் டிங்னு கத்திட்டிருந்தது, க்ளிக்... பெல்ட்டு மாட்டற சத்தம், நின்னு போச்சு.

வண்டி தானா முன்னால நகுந்து கீழ எறங்குச்சு. ஒரு வளைவுலயும் ஹாரன் அடிக்கல.

"உன்ன நம்பித்தானடா வந்தேன்!" தொண்ட கிழியக் கத்துனா. வலி முழங்கால்ல இல்ல. மூணு மாசம் அவன் கையால சோறு ஊட்டுனதெல்லாம் இதுக்குத்தானான்னு அங்கயே உக்காந்து அழுதா. அப்பறம் அவன் நம்பருக்கு அடிச்சா. ஒரு பொம்பள எடுத்துச்சு.

"அவரு வண்டி ஓட்டறாரு. நீ பத்திரமா ஊடு போய்ச் சேரு, சாமி... நானும் பின்சக்கரத்துக்குத்தான் வெச்சேன்."

ராவெல்லாம் அங்கயே கெடந்து, காலையில மொத பஸ்ஸுல எறங்கி வந்தா. அடிவாரத்துல கார் நிக்குது, ஒரு கீறல் இல்ல. இளஞ்செழியன் இல்ல... இன்னிக்கு வரைக்கும் கெடைக்கல. முன்சீட்டு ரெண்டுலயும் பெல்ட்டு மாட்டுனபடி இருந்துச்சு.

மஞ்சுளா உக்காந்திருந்த சீட்டு மேல நசுங்குன எலுமிச்சம்பழம் ரெண்டு. ஒண்ணு அவ வெச்சது, ஈரங்கூடக் காயல.

இன்னொண்ணு... காஞ்சு, கறுத்து, வருசக்கணக்காயிருக்கும்.