தடமெல்லாம் போற பக்கம்

— மெதுவா நடங்க மாமா, தடத்த மிதிச்சிடப் போறீங்க.

— என்னா தடம் சௌந்தரம்? நாளைக்கி சின்னையன் மிஷின் ரம்பத்தோட வர்றான். எதெத அறுக்கணும்னு அடையாளம் வெக்க வந்தோம். நீ என்னடான்னா களாக்கா பறிக்கற, மண்ணப் பாக்கற...

— களாக்கா ஊறுகாய்க்கு. இந்தத் தடம் என்னா, சொல்லுங்க பாப்பம்.

— மொசலு. அந்தாண்ட போயிருக்கு.

— நல்லா சொன்னீங்க! இந்தாண்ட போயிருக்கு. மொசலு தாவறப்ப பின்னங்கால்தான் முன்னாடி விழும். காடாம்புலியூர்லயே பொறந்த ஆளு...

— எங்கம்மா என்னை முந்திரி பொறுக்கத்தான் அனுப்புச்சி, மொசலு பின்னாடி இல்ல.

— சரி, இந்தக் கோடு?

— உடும்பு. வால இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. இந்தா, நரி வேற.

— நாயா இருக்கும்.

— நாயி கண்டபடி சுத்தும். இது நூலு புடிச்சாப்பல நேரா போவுது பாரு... ஏ சௌந்தரம்!

— ம்?

— மொசலு, உடும்பு, நரி, மயிலு... எல்லாம் ஒரே பக்கம் போவுது.

— அதான் நானும் பாக்கறேன். தானே புயலு அடிச்சி ஆறு மாசமாச்சி. தோப்புல முந்திரி ஒண்ணு நிக்கல, சொட்டுத் தண்ணி கெடையாது. எங்க போவுதுங்க?

— எங்கியோ...

— நம்ம பலா சாஞ்சி கெடக்குதே, அந்தப் பக்கந்தான்.

— வெயிலு ஏறுது. வா, வூட்டுக்குப் போவலாம்.

— இவ்ளோ தூரம் வந்துட்டு?

— செத்த மரத்துல பாக்க என்னா இருக்கு? நீதான அறுத்துடுங்கன்ன.

— நீங்களுந்தான் சரின்னீங்க... ஷ்ஷ்! உக்காருங்க. கீழ.

— என்னா?

— வேர்ப்பள்ளத்துல பாருங்க.

— மயிலு... தண்ணி குடிக்குது.

— பக்கத்துல ரெண்டு கௌதாரி.

— யப்பா... ஒண்ண ஒண்ணு தள்ளக்கூட இல்ல. தோப்பே இங்கதான் வந்து குடிக்குது போல.

— பேசாதீங்க... மேல கெளையப் பாருங்க.

— தளிரு! சௌந்தரம், தளிரு வுட்டிருக்கு! எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்க்குது. கையெடுத்துக் கும்புடணும்போல இருக்கு. இருட்டுல இது கண்ணுக்கே தெரியல...

— எந்த இருட்டுல?

— அது... சும்மா சொன்னேன். வா, போவலாம்.

— வழியெல்லாம் மண்ணு பெருக்கியிருக்கு மாமா. தழைய ஒடிச்சிப் பெருக்கியிருக்கு. ஆளு தடம் தெரியக் கூடாதுன்னு யாரோ...

— சரி, நாந்தான். தெனம் விடியக் கருக்கல்ல ஒரு கொடம் கொண்டாந்து ஊத்தறேன். கல்யாணம் ஆன வருசம் நீ நட்டது... மனசு கேக்கல. சொன்னா சிரிப்பியேன்னு...

— நீங்க இதப் பாத்துப் பாத்து சோறு எறங்காம கெடந்தீங்க. அதப் பாக்க முடியாமத்தான் அறுக்கச் சொன்னேன்.

— சின்னையன வர வேணாம்னு இப்பவே போன் பண்ணிடறேன். ஆனா ஒண்ணு... இந்த மண்ணு ஒரு கொடத்த ஒரே மூச்சுல குடிச்சிடும். பள்ளத்துல இவ்ளோ தண்ணி எப்பிடி நிக்குது?

— சாயங்காலக் கொடம் என்னுது.

— பொய்யி! உன் தடம் ஒரு நாளும் என் கண்ணுல படலியே.

— எப்பிடிப் படும்? உங்க தடத்த அழிக்கறேன்னு, இருட்டுல என் தடத்தையுந்தான தெனம் பெருக்கினீங்க.