கொட்டாவி விடும் கோமாளி

கூட்டத்தை வரைவது சுலபம், நீதிபதி ஐயா. முன்வரிசையில் நாலு முகம் போட்டால் போதும்; மற்றவர்களுக்குத் தொப்பி மட்டும் வைத்துவிடலாம். நேப்பிள்ஸ் தெருக்களை இத்தனை காலமாகச் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்டு விற்கிறேன். தொப்பிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஏதாவது இருந்தால்தானே கேட்பதற்கு.

சில்வெஸ்த்ரோ, கோட்டைத் திடலில் பலகை மேடை போட்டு ஆடும் கோமாளி. வெள்ளை அங்கி, வயிற்றில் திணித்த பஞ்சு, வாயை மட்டும் விட்டு மறைக்கும், மூக்கு வளைந்த கருப்புத் தோல் முகமூடி. உதை வாங்கி அலறுவான், ஊரே சிரிக்கும். அதை நான் படமாகப் போட்டிருந்தேன். கார்னிவல் திருவிழா தொடங்கிய அன்று அந்தப் படத்தையே மேடையில் தூக்கிக் காட்டினான்.

"பாருங்கய்யா, நம்ம லத்தான்சியோ ஐயா கைவேலை. உதை வாங்குறவன் மூஞ்சியாய்யா இது? வயிறு முட்ட மக்ரோனி தின்னுட்டுக் கொட்டாவி விடுற மாதிரில்ல இருக்கு. ஓவியரய்யா, உமக்கு எப்பவாச்சும் எங்கயாச்சும் வலிச்சிருக்கா?"

மீன்காரிகள் சிரித்தார்கள். பாதிரிகள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற என் மனைவி ஓர்தென்சியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் கோபப்படவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், "அவரு சொன்னதுல என்ன தப்பு?" என்றாள். அதற்கும் கோபப்படவில்லை.

யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். வலியை நான் பக்கத்தில் பார்த்ததே இல்லை. தூக்குமேடையில் காவலர்கள் குறுக்கே நின்று மறைத்துவிடுகிறார்கள்.

ஆட்டத்தின் நடுவில் ஒரு குடுவை ஒயினை ஒரே மூச்சில் குடிப்பது அவன் வழக்கம். அடுத்த ஆட்டத்தன்று, செம்பை அரிக்க நான் வைத்திருக்கும் திராவகத்தை அதில் கலந்தேன். மேடைக்குப் பின்னால் யாரும் தடுக்கவில்லை. "படம் போட வந்திருக்காரு, வழி விடுப்பா," என்று மரியாதையாகவே ஒதுங்கினார்கள். பிறகு முன்னால் போய் உட்கார்ந்து தாளை விரித்தேன்.

குடித்தான். குடுவை கைநழுவி விழுந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு பலகையில் உருண்டான். கத்த முயன்றான், கரகரப்புத்தான் வந்தது. கையை நீட்டிக் கூட்டத்தை அழைத்தான். கூட்டம் கைதட்டியது.

"இன்னிக்கு என்னமா பண்றான்யா," என்றான் பின்னாலிருந்த ஒருவன். "இன்னொருவாட்டி உருளச் சொல்லுங்கப்பா."

இவர்களைத்தான் சாட்சி என்று வரிசையாகக் கூப்பிட்டு வைத்திருக்கிறீர்கள். ஒரு மனிதன் சாவதைப் பார்த்துத் தின்பண்டம் கொறித்தவர்கள். நான் வேலையாவது செய்துகொண்டிருந்தேன்.

கூட்டத்திலிருந்து ஓர்தென்சியா மட்டும் மேடையில் ஏறினாள். முகமூடியைக் கழற்றி எறிந்து, அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். "சில்வே, என்னைப் பாரு. சில்வே," என்றாள். அவனை அப்படிக் கூப்பிட ஆள் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஆம், ஊற்றியவன் நான்தான். மறுக்கவில்லை. அன்று வரைந்ததைக் கீறிய தகட்டைப் பார்த்தீர்கள், வாய் இந்த முறை சரியாக விழுந்திருக்கிறது. அவன் தலைமாட்டில் ஏன் வெறும் இடம் விட்டேன் என்று கேட்கிறீர்கள். அங்கே இன்னொரு உருவம் வந்தால் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அவளை விட்டதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. தகட்டைத் திருப்பிக் கொடுத்தால், அந்த இடத்தில் ஒரு நாயைப் போட்டு முடித்துவிடுவேன்.